லேயர் மேடமும் பதினோரு வெள்ளைச் சதுரங்களும்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு வாசலில் உடைந்து கிடந்த சாக்கடை மூடிக்காக நகராட்சி அலுவலகத்துக்கு மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் இப்போதுதான் எழுந்து போனார் என்றார்கள். மூன்று முறையும் அவர் இப்போதுதான் எழுந்து போயிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் ஓரிடத்தில் உட்கார வராது. மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தபோது, திறந்திருந்த ஒரு கதவுக்குள் அந்த வரைபடத்தைப் பார்த்தேன்.

சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கியது. அதன் முன்னால் ஒரு பெண் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"குப்பை கொட்ட இடம் தேடுறோம் சார்."

கோபத்தில் இருந்தேன் இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை. "இதுக்குப் போய்க் கம்ப்யூட்டரா? எவன் தட்டிக் கேக்க மாட்டானோ அவன் வீட்டுப் பக்கத்துல கொட்டுறதுதானே வழக்கம்?"

அவர் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வாய் டீ குடித்துவிட்டு, "அந்த வழக்கம் வேணாம்னுதான் சார் கம்ப்யூட்டர்," என்றார்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்தப் பெண் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும். அவர் வேலையில் ஏதும் தவறு செய்ததாக எனக்குத் தெரியாது. தவறைச் செய்ய வைத்தது நான். கதை வேண்டுமே, என்ன செய்வது?

2

தொடக்கம் எனக்கு எப்போதுமே தகராறுதான். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதல் தொடக்கம்: "குப்பைக்கும் ஒரு முகவரி தேவைப்படுகிறது." எழுதிவிட்டு இரண்டு நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறுபடி படித்தால் பேச்சுப்போட்டி வாடை அடித்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மேட்டின் உச்சியில் நாய்கள் ஒன்றையொன்று..." போதும். குப்பை மேடு என்றதும் நாயையும் காக்கையையும் புகையையும் அவிழ்த்துவிடாத எழுத்தாளர் உண்டா? இதுவும் போச்சு.

மூன்றாவது: "அன்று காலையிலிருந்தே அவளுக்கு ஏதோ நடக்கப்போவதாக..." ஏதோ நடக்கப்போவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அதுவும் போகட்டும்.

நான்காவதுதான் நின்றது. இதோ:

அலுவலகத்தில் அவளை எல்லோரும் லேயர் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு லேயர் போடணும்" என்பாள். கேன்டீனில் எந்த மேசையில் உட்காரலாம் என்று கேட்டால்கூட, மின்விசிறி ஒரு லேயர், கை கழுவும் இடம் ஒரு லேயர், வளவளவென்று பேசும் வரிப் பிரிவுக்காரர்கள் ஒரு லேயர், அவர்களைச் சுற்றி மூன்று மேசைக்கு வெட்டிவிட வேண்டும் என்பாள்.

வேலையும் அதேதான். ஊரின் வரைபடத்தை மெல்லிய கண்ணாடித் தாள்களில் தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். ஒரு தாளில் ஏரியும் ஆறும் கால்வாயும். ஒன்றில் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பது. ஒன்றில் மண்: தண்ணீரை உறிஞ்சி இறக்கிவிடும் மணலா, விடாமல் பிடித்துக்கொள்ளும் களியா. ஒன்றில் நிலத்தின் சரிவு. ஒன்றில் சாலைகள். ஒன்றில் வீடுகள். ஆகாத இடங்களை முதலில் வெட்டி எறிய வேண்டும். ஏரிக்கு அரைக் கிலோமீட்டருக்குள் கூடாது, வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது. மிஞ்சியதற்குத் தாள் தாளாக மதிப்பெண் போட்டு, எந்தத் தாள் எவ்வளவு முக்கியமோ அந்தக் கணக்கில் கூட்ட வேண்டும். நிறைய மதிப்பெண் வாங்கிய இடம் கரும்பச்சையாக வந்து நிற்கும். கம்ப்யூட்டர் இதை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் செய்துவிடும். தாள்களைச் சேர்க்கத்தான் அவளுக்கு எட்டு மாதம் ஆனது.

(இந்த விளக்கம் முதலில் இரண்டு பக்கம் இருந்தது. எனக்கே புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எழுதித் தள்ளிவிட்டேன். சுருக்கியிருக்கிறேன்.)

3

அடுத்தது அவளுடைய மேலதிகாரி, பொறியாளர். முதல் வரைவில் அவரைப் பெரிய வில்லனாக்கி நான்கு பக்கம் எழுதினேன். மோதிரம், தொப்பை, கள்ளச் சிரிப்பு, எதையும் விடவில்லை. நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி, வேறு வழியில்லாமல். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

"ஏங்க, இந்த ஆளு எப்பவாவது பல்லு விளக்குவாரா?"

"ஏன் கேக்குறே?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கெட்டது செய்யவே நேரம் சரியா இருக்கே, அதான் கேட்டேன்."

நான்கு பக்கமும் கிழிந்தது. புதிய பொறியாளர் சட்டைப் பையில் வயிற்றெரிச்சல் மாத்திரை வைத்திருப்பவர். நல்ல மனுஷன், ஆனால் அவசரத்தில் இருக்கும் நல்ல மனுஷன். அவசரத்துக்குக் காரணம் பழைய குப்பை மேடு. அதற்கான அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை குழு கூடிப் புதிய இடத்தைப் பரிந்துரைக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் இடம் தீர்மானமாகவில்லை என்றால், விதிப்படி பழைய மேட்டுக்கே இன்னும் பத்து வருடம் நீட்டிப்பு.

அந்தப் பழைய மேட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் லேயர் மேடத்தின் அக்கா குடியிருந்தாள். கல்யாணமாகி வந்தபோது அது வெறும் பள்ளம். இப்போது மாடி வீட்டை விட உயரம். ஜன்னல்களை ஆணி அடித்தே மூடியிருந்தார்கள். துணியெல்லாம் வீட்டுக்குள்தான் காயும். அக்காவின் எட்டு வயது மகள் பள்ளிக்கூடப் பையில் பென்சில் டப்பாவோடு மூச்சுக்கு இழுக்கும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போவாள்.

"எங்க சின்னவதான் வேற இடம் பாத்துக்கிட்டிருக்கா. வெள்ளிக்கிழமையோட நமக்கு விடிவு காலம்," என்று அக்கா தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள்.

(அக்காவை அந்தத் தெருவில் குடிவைத்தது நான்தான். வேண்டுமென்றே செய்தேன். வேறு எங்காவது வைத்திருந்தால் இந்தக் கதையில் யாருக்கும் எதுவும் வலிக்காது. குழந்தைக்கு இழுப்பு வைத்ததற்காக நீங்கள் என்னைத் திட்டலாம். இரண்டு நாள் எனக்கே மனசு சரியில்லை.)

4

வரைபடத்தில் ஜெயித்தது பதினான்காம் எண் இடம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அதை இப்படி எழுதியிருந்தேன்: "கால்வாய்க்கு அப்பால், மனித வாடையே இல்லாத வெட்டவெளி. காற்று மட்டும் தன்னந்தனியாக..."

என் மனைவி அந்த வரியில் விரலை வைத்தாள். "அங்க யாரும் இல்லைன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். என் கதைதானே?"

"போய்ப் பாத்தீங்களா?"

"கற்பனை இடத்துக்கு எந்த பஸ்ல போறது?"

"சரி, நீங்க போகலை. அந்தப் பொண்ணாவது போய்ப் பாத்தாளா?"

மாட்டிக்கொண்டேன். நான் அவளை அனுப்பவே இல்லை. அந்த அலுவலகத்தின் வழக்கப்படி, இடத்தை நேரில் பார்த்த பிறகுதான் வரைபடம் குழுவுக்குப் போக வேண்டும். அவள் ஏன் போகவில்லை? அவசர அவசரமாக ஒரு ஜீப்பை உருவாக்கி, அதன் கிளட்சை உடைத்து, மூன்று வாரம் பட்டறையில் நிறுத்தினேன். பொறியாளர் மாத்திரையைச் சப்பிக்கொண்டே, "முதல்ல மேப்பை அனுப்பிடும்மா. வண்டி வந்ததும் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்," என்றார். அவள் அனுப்பிவிட்டாள். குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

புதன்கிழமை ஜீப் வந்தது.

5

அவளும் சர்வேயரும் கிளம்பினார்கள். நில அளவை செய்யும் அந்த சர்வேயர் பாரியான உடம்புக்காரர், ஜீப் குலுங்கும்போதெல்லாம் முதுகைப் பிடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவார். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, முட்செடிகளுக்குள் வளைந்து வளைந்து போன வண்டி ஒரு திருப்பத்தில் வெளியே வந்தது.

"அண்ணே, அங்க துணி காயுது."

"ஆடு மேய்க்க வந்தவங்க யாராவது காயப் போட்டிருப்பாங்க மேடம்."

"பள்ளிக்கூட யூனிஃபார்மையா?"

அதற்குள் தகரக் கூரைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. இரண்டு வரிசை, நடுவில் பெருக்கித் தெளித்த தெரு. அவள் எண்ணினாள். எண்ணுவது அவளுக்குக் கைவந்த வேலை. நாற்பத்து மூன்று வீடுகள்.

முதல் வீட்டு வாசலில் ஒரு தையல்காரி மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். சர்வேயரின் தோளில் இருந்த அளவைக் கருவியின் முக்காலியைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் துணி நழுவிக் கீழே விழுந்தது.

"வந்துட்டீங்களா!" என்றாள். அப்புறம் தெருவைப் பார்த்துக் கத்தினாள்: "எல்லாரும் வாங்க! மேப்புக்காரங்க வந்துட்டாங்க!"

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் வீடிழந்த சனங்கள் அவர்கள். "இப்போதைக்கு இங்க இருங்க" என்று யாரோ ஒரு அதிகாரி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுத்தபோதெல்லாம், "மேப்புல உங்க இடமே இல்லையேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மேப்பில் சேர்க்கச் சொல்லி அதற்கு வேறு மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த மனுவுக்குத்தான் இன்று ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

நாற்காலி வந்தது. தூரத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் ஒரு டம்ளர் வந்தது. "எங்க வீட்டை விட்டுடாதீங்க, பின்னாடி மறைஞ்சு இருக்கும்," என்றார் ஒரு பெரியவர். "அவருக்கு ரெண்டு வீடுன்னு எழுதிடப் போறாரு, ஒண்ணுதான், மத்தது கோழிக்கூடு," என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

தையல்காரி லேயர் மேடத்தின் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தாள். "நாங்க இதுல எங்க இருக்கோம் மேடம்?"

அவள் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"நல்லா பச்சையா இருக்கே. பச்சைன்னா நல்லதுதானே?"

"இன்னும் வேலை முடியலைங்க," என்றாள் லேயர் மேடம். கூனிக்குறுகிப் போனாள். முகத்தைக் காட்டாமல் இருக்கத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

6

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வீடுகளின் தாளைத் தயாரிக்க ஊரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஆட்களை அனுப்பியிருந்தார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மட்டும் பதினோரு சதுரம். அந்த மாதம் பாலம் உடைந்து கிடந்ததால், போனவர்கள் இந்தக் கரையிலேயே நின்று, நோட்டில் "பின்னர்" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பின்னர் வரவே இல்லை. பதினோரு சதுரமும் நிரப்பப்படாமல் அப்படியே கிடந்தன.

நிரப்பாத சதுரத்தைக் கம்ப்யூட்டர் நேர்மையாகத்தான் நடத்தும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கூட்டலை அங்கேயே நிறுத்திவிடும். வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக வரும். வெள்ளை விழுந்த வரைபடத்தை மேலிடத்தில் காட்டினால், "வேலை முடியலையா?" என்பார்கள். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கை பழகிய ஒரு வேலை செய்வார்கள். ஒரே வரி ஆணை: வெற்றிடம் இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். அவளும் ஒரு மத்தியானம் அந்த வரியைத் தட்டிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்திருந்தாள். தெரியாது என்பது வீடே இல்லை என்று மாறிவிட்டது. வீடே இல்லாத இடத்துக்கு முழு மதிப்பெண்.

என் மனைவிக்கு இதை விளக்கினேன். அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"எங்க லேப்ல டெஸ்ட் பண்ணாத சாம்பிளுக்குக் கோடுதான் போடணும். கோட்டுக்குப் பதிலா பூஜ்யம் போட்டேன்னு வைங்க, சர்க்கரை பூஜ்யம்னு ரிப்போர்ட் போகும். ஆளு உயிரோடவே இல்லைன்னு அர்த்தம். ஆளு வெளியில பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மனித வாடையே இல்லாத வெட்டவெளி" என்று எழுதிய என் கையும் அதே வரியைத்தான் தட்டியிருக்கிறது. எனக்குத் தெரியாத இடத்தை யாருமில்லாத இடமாக்கிவிட்டுக் காற்றை வீசவிட்டேன். நாற்பத்து மூன்று வீடும் என் மனைவி கேட்ட கேள்விக்குப் பிறகு முளைத்தவை. அதுவரை நானும் அவர்களைப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

(விவரம் தெரிந்த வாசகர் ஒருவர், "செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியாதா?" என்று கேட்பார். தெரியும். அந்த அலுவலகத்தில் இருந்த படம் ஏழு வருடம் பழையது. அவர்கள் வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. கேட்டதற்கு நன்றி.)

7

இப்போது அவள் நிலைமையைப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிடும். அக்காவின் ஜன்னல் திறக்கும். அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களை இன்னொரு அதிகாரி வந்து இன்னொரு இடத்தில் இறக்கிவிடுவார், அல்லது லாரிகளுக்கு நடுவில் அப்படியே விட்டுவிடுவார்.

உண்மையைச் சொன்னால், தேர்வில் தேறிய ஐந்து இடங்களுமே கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்ததால், பதினோரு சதுரத்தையும் வீடு வீடாக நடந்து பார்த்தாக வேண்டும். அவளும் சர்வேயரும் போனால் சதுரத்துக்கு இரண்டு நாள், ஆக இருபத்திரண்டு நாள். கையில் இருப்பது பதினைந்து. மாதம் முடிந்துவிடும். பழைய மேட்டுக்குப் பத்து வருடம்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு போன் செய்தாள்.

"சொல்லுடி! நாளைக்கு எத்தனை மணிக்கு முடிவு சொல்வாங்க? தெருவுல பிய்ச்சு எடுக்குறாங்க என்னை."

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா குறுக்கே பேசவில்லை. அக்கா குறுக்கே பேசாமல் எதையும் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றே?"

"உன்கிட்ட சொல்லாம அங்க போய்ச் சொல்ல முடியலைக்கா."

"அப்ப சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டே. எங்கிட்ட கேக்கலை, தகவல் சொல்றே."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பத்து வருஷம்டி! என் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு ஆயிடும். அவங்க யாரு உனக்கு? நேத்துப் பாத்தவங்க. நான் யாரு உனக்கு?"

"நீ அக்கா."

"நல்லா இருக்குடி உன் நியாயம்," என்று அக்கா போனை வைத்துவிட்டாள். லேயர் மேடம் மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு, அந்த ஒரு வரி ஆணையை அழித்துவிட்டு வரைபடத்தை மறுபடி ஓட்டினாள்.

(முந்தைய வரைவில் அக்கா, "உன் மனசாட்சிப்படி செய்டி" என்று சொல்லியிருந்தாள். என் மனைவிக்கு உடன்பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மாற்றிவிட்டேன்.)

8

வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் மூன்று வரைவுகள் இருந்தன.

முதல் வரைவில் அவள் வாயைத் திறக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு மறுநாள் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கங்களை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

இரண்டாவதில் அவள் பேசினாள். ஐயோ, என்னமாய்ப் பேசினாள்! "வரைபடம் என்பது..." என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எந்த அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள்? டீ வந்தால்தான் எழுந்திருப்பார்கள்.

மூன்றாவது இது. அவள் புதிய வரைபடத்தைத் திரையில் போட்டாள். வலது பக்கத்தில் பதினோரு வெள்ளைச் சதுரங்கள்.

"என்னம்மா இது, எலி கடிச்ச மேப்பா?" என்றார் பொறியாளர்.

"அங்க என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது சார். போன மேப்புல ஒண்ணுமே இல்லைன்னு காட்டியிருந்தேன். அது என் தப்பு. பதினாலாம் நம்பர்ல நாப்பத்து மூணு வீடு இருக்கு. நேர்ல பாத்தேன். அவங்க வீட்டுத் தண்ணி குடிச்சேன்."

யாரும் கைதட்டவில்லை. குழுவில் ஒருவர், "இதை இன்னைக்கு வந்து சொல்றீங்களே," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளர் ஒரு மாத்திரை எடுத்து வாயில் போட்டார். அது கரைந்த பிறகுதான் கேட்டார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"நாங்க ரெண்டு பேர் மட்டும்னா இருபத்திரண்டு."

"இருக்கிறது பதினஞ்சு."

"தெரியும் சார்."

"கூட ஒரு ஆள் தர முடியாது. இல்லவே இல்லை. உன்கிட்ட விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், அதையும் நான்தான் எழுதணும்." மாத்திரை அட்டையைப் பைக்குள் திரும்ப வைத்தார். "திங்கட்கிழமை ஆரம்பி. முடிஞ்ச வரைக்கும் நட."

9

சனிக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. வணக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை.

"தெருவுல சொல்லிட்டேன். எல்லாரும் உன்னை வாயில வந்தபடி திட்டினாங்க. நானும் சேர்ந்துதான் திட்டினேன்."

"சரிக்கா."

"அப்புறம் எதிர்வீட்டு டிரைவர் கேட்டாரு, பதினோரு சதுரம்னா எவ்வளவு பெருசுன்னு. எனக்குத் தெரியலை. எவ்வளவு?"

"ஒவ்வொண்ணும் ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம்."

அக்கா மனசுக்குள் நடந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அவ்வளவுதானா? இதுக்காடி பத்து வருஷம்?"

"ஆள் இல்லைக்கா."

"ஆள் இல்லைன்னு நீயா முடிவு பண்ணிடு. எங்களைக் கேட்டியா? எத்தனை பேர் வேணும்னு சொல்லு. எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதுமா?"

"போதும்," என்றாள் லேயர் மேடம். "வீடு இருந்தா ஒரு புள்ளி, கிணறு இருந்தா ஒரு வட்டம். அவ்வளவுதான்."

(இது கொஞ்சம் இனிப்பு தூக்கலாக இருக்கிறதா? எனக்கும் சந்தேகம் வந்தது. "இப்படியெல்லாம் நடக்குமா?" என்று மனைவியிடம் கேட்டேன். "இத்தனை வருஷமா ஜன்னலை மூடி வெச்சிருக்கிறவங்க பதினோரு கிலோமீட்டர் நடக்க மாட்டாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். பதினோரு கிலோமீட்டர் இல்லை, பதினோரு சதுர கிலோமீட்டர் என்று திருத்தினேன். "சரி, குறுக்கும் நெடுக்குமா நடப்பாங்க," என்றாள். விட்டுவிட்டேன்.)

திங்கட்கிழமை காலை பாலத்தருகே பத்தொன்பது பேர் வந்தார்கள். செருப்பு அறுந்தவர்கள் இருவர், குடை கொண்டுவந்தவர் ஒருவர். சர்வேயர் அவர்களைப் பார்த்து முதுகுவலியை மறந்துவிட்டார். ஆளுக்கொரு அட்டை, பென்சில், கட்டம் போட்ட தாள் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேசாமல் தன் தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள். நான்கு நாளில் ஆறு சதுரம் முடிந்தது. இரண்டாம் இடம் பிடித்திருந்த நிலத்தில் ஒரு குடிநீர்க் கிணறு இருந்தது, அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்றாம் இடம் இதுவரை தாக்குப்பிடித்து நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள சதுரங்களை இன்னும் பார்க்கவில்லை.

10

நான்காம் நாள் பிற்பகல் ஆறாவது சதுரத்தில் அக்கா கடைசி வரிசை வீடுகளுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். மறுகோடியிலிருந்து எண்ணி வந்ததால், நாற்பத்து மூன்றாவது புள்ளி தெருவின் முதல் வீடான தையல்காரியின் வீடு.

"உள்ள வாங்க, உக்காருங்க. நீங்களும் ஆபீஸா?" என்றாள் தையல்காரி.

"இல்லைங்க. நான் பழைய குப்பை மேட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கேன்."

தையல்காரிக்கு இதற்குள் விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. லேயர் மேடமே வந்து, பச்சை என்றால் என்ன என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். தையல்காரி அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இப்போது அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படின்னா எங்க பக்கம் வந்திருந்தா உங்களுக்கு நிம்மதிதானே?"

"ஆமா," என்றாள் அக்கா. "நாலு நாள் முன்னாடி வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். பொய் சொல்ல விரும்பலை."

இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மனசில் என்ன ஓடியது என்று எழுத நான்கு முறை முயன்றேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே விட்டுவிடுகிறேன்.

"அப்ப குப்பையை எங்கதான் கொட்டுவாங்க?" என்று கேட்டாள் தையல்காரி.

"தெரியலைங்க. நடந்து பாத்துக்கிட்டிருக்கோம்."

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

"அஞ்சு சதுரம்."

தையல்காரி மெஷினின் மேல் துணியைப் போட்டு மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். "ஒரு பென்சில் குடுங்க," என்றாள்.

இங்கே நிறுத்திவிட்டேன். "இடம் கிடைச்சுதா இல்லையா?" என்று என் மனைவி இரண்டு நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறாள். கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஐந்து சதுரத்துக்குள் நான் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை. போகாமல் எழுதக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், தாராளமாக. மூன்றாம் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அக்காவின் ஜன்னல் ஆணிகளைப் பிடுங்குங்கள், அக்காவையும் தங்கச்சியையும் பேச வையுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன். முடிவை எங்கே வைக்கப் போகிறீர்களோ, அந்த இடத்துக்கு ஒரு தடவை போய், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.